விசில் இல்லாத கறி

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டில் என்ன சமையல் என்பதை வாசம் சொல்வதற்கு முன்பே விசில் சொல்லிவிடும். இரண்டோடு நின்றால் சோறு. மூன்று என்றால் பருப்பு. ஐந்தைத் தாண்டினால் கறி. எட்டு ஒன்பது என்று போனால், கறிக்கடைக்காரர் கிழட்டு ஆட்டைத் தலையில் கட்டிவிட்டார் என்று படிக்கட்டு முழுக்கப் பேசிக்கொள்வார்கள். மந்தைவெளியில் பழைய அடுக்கு வீடுகள். ஒரு தளத்துக்கு நான்கு கதவுகள், நடுவில் படி, சுவர் என்று பெயருக்கு ஒன்று. தண்ணீர் பிடிக்கவோ காய் வாங்கவோ கீழே இறங்குகிறவர்கள் எதிர்வீட்டைப் பார்த்து, "அக்கா, மூணு" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். எதிர்வீட்டு அக்கா துணி மடித்தபடியே எண்ணிக்கொண்டிருந்து, மூன்றாவது விசிலுக்கு உள்ளே வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போவார். பகலில் இங்கே யாரும் கதவைப் பூட்டுவதில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் பிறந்து வளர்ந்த நான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நாளைக்கு விசிலே இல்லாமல் கறி சமைக்கப் போகிறேன் என்று அறிவித்தேன்.

காரணம் அப்பாவின் பல்.

அப்பா ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடை வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடுகிறவர். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து கூட்டம் இறங்கி வரும்போது அந்தத் தெருவில் எத்தனை பேர் கத்தினாலும் அப்பாவின் குரல் தனியாகக் கேட்கும். அந்த வாய்க்குள்ளே பல வருஷங்களாகப் புகையிலை குடியிருந்ததில் ஈறு கெட்டுப்போய், அரசாங்கப் பல் ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்த பற்களை மூன்று தடவையாக எடுத்துவிட்டார்கள். ஈறு ஆறின பிறகுதான் அளவெடுத்துப் பல் செட்டு கட்டுவார்களாம். அதுவரை இரண்டு மாதம் மெத்தென்று ஏதாவது சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி. கறி என்றால் நல்லி எலும்பு. அது எங்கள் வீட்டில் கேட்காமலே அவர் தட்டுக்குப் போகும். அவர் அதை உறிஞ்சி, தட்டின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, திரும்ப உறிஞ்சி, கடைசியில் கடித்தே நொறுக்கிவிடுவார். பல் போன முதல் ஞாயிறு, அம்மா கறியைக் குக்கரில் போட்டுப் பத்து விசில் விட்டாள். கறி வெந்தது, ஆனால் தேங்காய் நார் மாதிரி பிரிந்துபோனது. அந்த நார் ஒவ்வொன்றும் ஆறாத ஈறுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ள, அப்பா பாதியில் எழுந்துபோய் அரை மணி நேரம் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நான்கு ஞாயிறும் அவர் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. பன்னிரண்டு மணிக்கே கஞ்சியைக் குடித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் டிப்போ பக்கத்திலிருக்கும் டீக்கடைக்குப் போய்விடுவார். நாங்கள் தட்டுக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் திரும்பி வருவார். பேசும்போதும் சிரிக்கும்போதும் கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார். தெருவுக்கே கேட்கக் கத்துகிற மனுஷர் கைக்குள்ளே பேசுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணியிலிருந்து அத்தை வருவதாக இருந்தது. அப்பாவின் ஒரே தங்கை. அதற்கும் அவர் டிப்போவுக்குத்தான் போகப்போவதாகச் சொன்னார்.

"அவ எதிர்ல பொக்க வாய வெச்சிக்கினு மெல்ல என்னால ஆவாது."

"நீ உக்காந்து சாப்புடுவப்பா," என்றேன். "நல்லி எலும்பு உன் தட்டுலதான்."

அவர் கைக்குள்ளே சிரித்தார். "மேடம் சொல்லிட்டாங்க."

மேடம் என்பது வீட்டில் எனக்குப் பட்டப்பெயர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, அதற்கு மேலும் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்கு பஸ் நம்பரும் துணியில் ஒட்டியிருக்கும் விலையும் தெரியும். அம்மா கையெழுத்துப் போடுவாள், அதுவும் போன வருஷம்தான். மாத்திரை அட்டை, ரேஷன் கடைப் பலகை, மாடி வீட்டு மாமாவுக்கு வரும் வங்கிக் கடிதம் என்று எங்கள் படிக்கட்டில் எழுத்தாக எது வந்தாலும் அது என்னிடம்தான் வரும். நான் படித்துச் சொன்னால் அது சட்டம். பெருங்குடியில் என் ஆபீசில் என் பேச்சுக்கு இந்த மரியாதை கிடையாது என்பதை நான் வீட்டில் சொன்னதில்லை.

ஆகவே கறியையும் படித்தேன். வியாழக்கிழமை ஆபீசிலிருந்து வரும் பஸ்ஸில் ஃபோனில் ஒரு குறிப்பு அகப்பட்டது. சுலபமான மட்டன் ஸ்டூ என்று தலைப்பு. எலும்போடு சேர்ந்த கறி, சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், இஞ்சி, முழு மிளகு, பட்டை, கிராம்பு, இறக்கும்போது தேங்காய்ப்பால். மிளகாய்த்தூள் இல்லை, ஈறு எரியாது. அடி கனமான பாத்திரம், அதற்குக் கீழே தோசைக்கல், கோதுமை மாவைப் பிசைந்து மூடியைச் சுற்றி ஒட்டி, மேலே ஒரு கனம் வைத்து, இருப்பதிலேயே சின்னத் தீயில் மூன்றரை மணி நேரம். அவசரமில்லாமல் வெந்தால் எலும்போடு ஒட்டிய ஜவ்வு கரைந்து, கறி நாராகாமல் பஞ்சாகும். இடையில் மூடியைத் திறக்கவே கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மூன்று இடத்தில் எழுதியிருந்தார்கள்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அவள் வாரத்தில் ஆறு நாள் மயிலாப்பூரில் வெங்காயம்கூடச் சேர்க்காத ஒரு வீட்டில் சமைக்கிறாள். அந்த ஆறு நாளுக்கும் ஈடாகத்தான் ஞாயிற்றுக்கிழமை மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டுவது. வெள்ளைக் கறியைப் பற்றிக் கேட்டதும், ஏழாவது நாளும் அவங்க வீட்டுக் குழம்பையே இவளும் வைக்கிறாளே என்று அப்பாவிடம் முறையிட்டாள். அப்பா அதற்கு ஆஸ்பத்திரிக் குழம்பு என்று பெயர் வைத்தார். மூன்றரை மணி நேரம் என்று சொன்னபோது அம்மா கேஸ் சிலிண்டரைப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஞாயிறு காலையில் நானே கறிக்கடைக்குப் போனேன். முன்னங்கால் நல்லியும் கழுத்தும் கேட்டேன். கடைக்காரர் எதுக்கு என்றார். மூன்றரை மணி நேரம் வேகவைக்க என்றேன். கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா மேடம், ஆடு அப்படி இன்னா தப்பு பண்ணிச்சு?"

எட்டரை மணிக்கு எல்லாம் தயார். பாத்திரத்தை மூடி, மாவை ஒட்டி, மேலே அம்மியின் குழவியை வைத்தேன். அகலமான தோசைக்கல்லுக்குக் கீழே தீ கண்ணுக்கே தெரியவில்லை. அம்மா கைகட்டி நின்று, ஊரில் அம்மனுக்குக் கும்பம் வைக்கிறாயா என்றாள். அப்பா முகச்சவரத்துக்குப் போயிருந்தார்.

ஒன்பதரைக்குத் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. அம்மாவும் நானும் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். படியில் கால் வைக்கும்போது, பழக்க தோஷம், எதிர்வீட்டைப் பார்த்து, "அக்கா, அடுப்பப் பாத்துக்கோங்க" என்றேன்.

"எத்தினி?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தேன். எண்ணிக்கையே இல்லாத சமையலுக்கு எதைச் சொல்வது? பதில் சொல்லாமல் ஓடிவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து, கடைசிக் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தேன். பாத்திரம் வைத்தது வைத்தபடி இருந்தது. மாவு கெட்டிப்பட்டு ஒட்டியிருந்தது. அடுப்பின் திருகு நான் வைத்த இடத்திலேயே, சின்னத் தீயில். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அக்கா பாண்டி பஜாருக்குக் கிளம்பிப் போய்விட்டார் என்று மாடி வீட்டு மாமா சொன்னார். நான் ஒரு முக்காலியைப் போட்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்து, திறக்கக் கூடாது என்ற சட்டத்துக்குக் காவல் இருக்க ஆரம்பித்தேன்.

காவல் என்றால் சும்மா இல்லை. பத்தரைக்கு அம்மா தண்ணீர் வற்றிவிட்டதா என்று பார்க்க வந்தாள். விடவில்லை. ஃபோனைத் திறந்து அந்த மூன்று இடத்தையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பதினொன்றுக்கு உப்பு பார்க்க வந்தாள். அப்போது ஜவ்வு கரைவது பற்றி ஒரு வகுப்பே எடுத்தேன். பதினொன்றரைக்கு வாசலில் நின்றபடியே, வாசமே வரவில்லையே என்றாள். நன்றாக மூடியிருக்கிறேன் என்று அர்த்தம், வாசம் வெளியே வந்தால்தான் தப்பு என்றேன். அம்மா இடியாப்பம் வாங்கப் போனாள். வாசம் வராத பெருமையில் நான் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டுக்கு அப்பா கஞ்சி குடித்த டம்ளரோடு அடுக்களைக்கு வந்தார். நீலச் சட்டை மாட்டியிருந்தார், டிப்போவுக்குப் போகிற சட்டை. இன்னும் கொஞ்ச நேரம் இருப்பா, ஆகிவிடும் என்றேன். தலையை ஆட்டினார். அது போகிறேன் என்கிற ஆட்டல். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தவர் போகாமல் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"அடுப்பு எரியல."

"சிம்ல கீதுப்பா. தோசைக்கல்லு மறைக்குது."

அவர் வாக்குவாதம் செய்யவில்லை. கையை நீட்டி உள்ளங்கையைத் தோசைக்கல்லின் விளிம்பில் வைத்தார். நான் பதறி எழுந்தேன். அவர் கையை எடுக்கவில்லை. மேஜையில் கை ஊன்றி நிற்பவர்போல நின்று, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சுட்டால் யாரும் அப்படி நிற்க மாட்டார்கள்.

அப்போதுதான் இடியாப்பத்தோடு உள்ளே வந்த அம்மா, நேராகக் குனிந்து சிலிண்டரைப் பார்த்தாள். மேலே திருகு திறந்தே இருக்க, கீழே ரெகுலேட்டர் மூடியிருந்தது.

யார் மூடியது என்று யாருக்கும் தெரியவில்லை. எவ்வளவு நேரமாக என்றும் தெரியவில்லை. தோசைக்கல் ஆறியிருந்ததிலிருந்து அது ரொம்ப நேரம் என்பது மட்டும் தெரிந்தது. நான் அணைந்த அடுப்புக்குக் காவல் இருந்திருக்கிறேன். குறிப்பில் இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் உண்மையாகவே ஃபோனைத் திறந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு எழுத்து தெரியவில்லை. அம்மா, பாவம், அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் காட்டவில்லை. அலமாரி மேலிருந்து குக்கரை எடுத்தாள். அத்தை வருகிற நேரம், குக்கரில் மாற்றிப் போட்டால் இருபது நிமிஷம் என்றாள். அவள் சொன்னது சரிதான். குக்கருக்குப் போனால் அது திரும்பவும் நாராகிவிடும், அப்பா டிப்போவில் இருப்பார் என்பதும் சரி.

அப்பா குக்கரை வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"வாணாம். அது படிச்ச மாதிரியே வேவட்டும்."

"பசிச்சா உன் தங்கச்சி நம்மளத் தின்னுடுவா," என்றாள் அம்மா.

"தின்னட்டும். அவளுக்குப் பல்லு கீது."

ரெகுலேட்டரைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தோம். தீ எரிகிறதா என்று மூன்று பேரும் குனிந்து, தோசைக்கல்லுக்கு அடியில் எட்டிப் பார்த்தோம். பிறகு அப்பா என்னை நகர்த்திவிட்டு, நீலச் சட்டையோடு அந்த முக்காலியில் தானே உட்கார்ந்தார். இனிமேல் எவன் வந்து அணைக்கிறான் என்று பார்க்கிறேன் என்றார்.

அத்தை பன்னிரண்டே முக்காலுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, படியேறுகிற வழியெல்லாம் வாசம் வரும் என்று நினைத்தேன், என்ன, எல்லாம் தின்று முடித்துவிட்டீர்களா என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னோம். கறிக்கு என்று கூப்பிட்டுக் குழவியைக் காட்டுகிற வீடு இதுதான் என்று சொல்லிவிட்டு, வெறும் இடியாப்பத்தில் சர்க்கரை தூவிச் சாப்பிட ஆரம்பித்தாள். அப்பா திரும்பவில்லை. அடுப்பைப் பார்த்தபடி, கைக்குள்ளேயே அவளுக்குப் பதில் சொன்னார். அடுப்புக் காவலில் இருக்கிறவர் எழுந்து டிப்போவுக்கும் போக முடியாது. அது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

ஒன்றரை மணிக்கு எதிர்வீட்டு அக்கா வந்தார். கையில் பாண்டி பஜார் பை, முகத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றியவரின் அமைதி.

"இன்னா பாப்பா நீ, இப்படியா அடுப்ப வுட்டுட்டுப் போறது? நானும் ஒக்காந்து ஒக்காந்து எண்றேன், ஒண்ணுகூட வரல. சரி வெயிட்டு அடச்சிக்கிச்சுன்னு ஓடியாந்தா, பானையச் சுத்தி மாவு அப்பி, மேல கொழவிக்கல்லு. நான் பயந்துட்டேன். உன் அடுப்பத் தொடவே இல்ல, சிலிண்டர்லயே மூடிட்டேன். நான் மட்டும் பாக்கலன்னா இந்த பிளாக்கே வெடிச்சிருக்கும்."

நன்றி சொல்வதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது முக்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பா சிரிக்கிறார். ரங்கநாதன் தெருக் குரலில், தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு. மறைக்கக் கை இல்லாமல் வாய் முழுசாகத் திறந்திருந்தது. மேலேயும் ஈறு, கீழேயும் ஈறு.

அத்தை இடியாப்பத்தை விட்டுவிட்டு எழுந்து கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"நீ பொறந்தப்ப எப்படி இருந்தன்னு நான் பாக்கலயேன்னு இருந்துச்சுண்ணே. இப்பப் பாத்துட்டேன்."

அப்பாவின் கை பாதி தூரம் வாய்க்கு வந்தது. அப்புறம் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, அத்தையின் காதைப் பிடித்துத் திருகப் போய்விட்டது.

மூன்று மணிக்கு மூடியைத் திறந்தோம். மாவு செங்கல் மாதிரி ஆகியிருந்தது. கரண்டிக் காம்பால் இடித்து உடைக்க வேண்டியிருந்தது. இத்தனை நேரம் அடைபட்டுக் கிடந்த வாசம் ஒரே மூச்சில் வெளியே வந்து படிக்கட்டில் இறங்கியது. மாடி வீட்டு மாமா மேலேயிருந்து என்ன சமையல் என்று கேட்டார். விசில் வராததால் அவருக்கும் குழப்பம். தேங்காய்ப்பாலை ஊற்றிவிட்டு, ஒரு நல்லியைக் கரண்டியால் தூக்கினேன். எலும்பு மட்டும் வந்தது. கறி அதிலிருந்து தானாகவே கழன்று குழம்பிலேயே தங்கிவிட்டது.

அக்காவையும் பிடித்து உட்காரவைத்தோம். தரையில் வட்டமாக ஐந்து தட்டு. அப்பா கடைசியாக, அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்தார். இடியாப்பத்தின் மேல் கறி, அதன் மேல் வெள்ளைக் குழம்பு. ஓரமாக நல்லி எலும்பு. நாங்கள் சொல்லிவைத்ததுபோல் அவரவர் தட்டையே முறைத்துக்கொண்டு சாப்பிட்டோம். யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. அவர் ஒரு துண்டை வாயில் போட்டு நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தினார் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது.

"இன்னா எல்லாரும் தட்டுக்குள்ள எதையோ தொலைச்சிட்டீங்களா?" என்றார். "நான் சாப்புடுறேன். பாருங்க."

பார்த்தோம். கன்னம் உள்ளே போய், தாடை மேலேறி, மூக்கு முன்னால் வந்து, முகம் மொத்தமும் அந்தக் கறிக்காக வேலை செய்தது. அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். விழுங்கினார். கொப்பளிக்க எழுந்திருக்கவில்லை. நல்லியை எடுத்துத் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளேயிருந்தது முழுசாக வழுக்கி இடியாப்பத்தின் மேல் விழுந்தது. இவ்வளவு சுலபமாக வருவதற்கா இத்தனை வருஷம் கடித்துக்கொண்டிருந்தேன் என்று எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மூன்றாம் முறை போட்டுக்கொள்ளும்போது, பச்சைமிளகாய் இரண்டு கீறிப் போட்டிருக்கலாம் என்றார். அம்மா உடனே அதை வழிமொழிந்தாள். நீலச் சட்டையில் தேங்காய்ப்பால் ஒழுகியிருந்ததை அத்தை காட்டினாள். டிப்போவுக்கு அழுக்குச் சட்டையோடு போனால் நன்றாக இருக்காதே என்று ரொம்பக் கவலையாகக் கேட்டாள். அவர் குழம்பை வழிப்பதிலேயே இருந்தார்.

அன்று சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, குறிப்பை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுதினதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். கறி எவ்வளவு, மிளகு எவ்வளவு, சின்னத் தீ, தோசைக்கல், மூடியைத் திறக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு, கையை வாயருகே கொண்டுபோகாமல், கடைசிவரை கேட்டார்.

"எல்லாம் சரி. மொதல்ல ஒண்ணு வுட்டுட்டியே," என்றார். "எதிர்வீட்ல சொல்லிடணும்னு எழுது. அப்புறம், அடுத்த ஞாயித்துக்கெழம எட்டரைக்கு நான் முக்காலில ஒக்காந்துடுவேன், அதையும் எழுதிக்கோ."

எழுதினேன். திரும்ப ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னார்.